ஒற்றை வரிக்குப் பின்னால் ஓர் இடம்

கொல்கத்தாவின் சால்ட் லேக், ஐந்தாம் செக்டாரின் மென்பொருள் அலுவலகங்களில் நாள்தோறும் எழுதப்படும் செயற்கூற்று அழைப்பு ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. செயலுருபுகளை எங்கே வைப்பது, பணி முடிந்தபின் எங்கே திரும்புவது என்ற கணக்கை நிரல்பெயர்ப்பி, அதாவது கம்பைலர், பார்த்துக்கொள்கிறது. அக்கணக்கு ஒரு காலத்தில் மனிதர் கையில் இருந்தது.

1956இல் இதே கொல்கத்தாவின் வடபுறத்தில், பராநகரின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஹெச்.இ.சி.-2எம் கணினி நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் எண்முறைக் கணினி அதுவே. அதன் காந்த உருளையில் இருந்தவை 1024 சொற்களுக்கான இடங்கள் மட்டுமே. இயந்திர மொழியில் எழுதிய நிரலாளர், ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய முகவரியைத் தாமே வகுத்தாக வேண்டும். அப்போது சால்ட் லேக் உவர்நீர்ச் சதுப்பு நிலம். ஹூக்ளி ஆற்று வண்டலால் அதைத் தூர்க்கும் பணி 1962இல்தான் தொடங்கியது.

1958இல் வெளிவந்த ஃபோர்ட்ரான்-2, செயற்கூறுகளைத் தனித்தனியே எழுத வழிசெய்தது. ஆயினும் ஒவ்வொரு செயற்கூற்றுக்கும் நிலையான ஓரிடமே கிடைத்தது. அது தன்னையே அழைத்தால் புதிய மதிப்பு பழையதை அழித்துவிடும். திரும்பவேண்டிய முகவரியும் அழியும். ஆகவே தற்சுழற்சிக்கு அம்மொழியில் இடமில்லை.

1960இல் வரையறுக்கப்பட்ட அல்கோல் தற்சுழற்சியை ஏற்றது. அவ்வாண்டே ஆம்ஸ்டர்டாமில் டெய்க்ஸ்ட்ராவும் சோனவெல்டும் அதற்கான நிரல்பெயர்ப்பியை உருவாக்கினர். தீர்வு எளியது: இடம் செயற்கூற்றுக்கு உரியதன்று, அழைப்புக்கு உரியது. ஒவ்வோர் அழைப்பின்போதும் செயலுருபுகள், திரும்பும் முகவரி, உள்மாறிகள் ஆகியவை அடுக்கின்மீது புதிய தட்டாக ஏறும். பணி முடிந்ததும் அத்தட்டு நீங்கும். திரும்பும் முகவரியைப் 'புதைத்து', பின்னர் 'தோண்டியெடுக்கும்' முறையை ஆலன் டூரிங் 1945இலேயே தம் ஏ.சி.இ. கணினித் திட்டத்தில் எண்ணியிருந்தார்.

இன்று 64-பிட் இன்டெல் வகைக் கணினிகளில் லினக்ஸ் இயங்கும்போது, முதல் ஆறு முழுஎண் செயலுருபுகள் பதிவகங்கள் வழியே செல்கின்றன. எஞ்சியவையே அடுக்கில் ஏறுகின்றன. அடுக்கின் வழக்கமான எல்லை 8 மெகாபைட். முடிவு நிபந்தனையின்றி எழுதிய தற்சுழற்சி அதை நொடிப்பொழுதில் நிரப்பிவிடும். இயக்குதளம் நிரலை நிறுத்திவிடும். 1024 இடங்களை எண்ணியெண்ணிப் பயன்படுத்தியவர் மறக்கவியலாத உண்மையை, ஐந்தாம் செக்டார் நிரலாளர் அந்தக் கணத்தில்தான் எதிர்கொள்கிறார்: நினைவகத்தில் ஒவ்வோர் அழைப்பும் ஓர் இடத்தைக் கொள்கிறது, அவ்விடம் அளவுக்கு உட்பட்டது.