சேத்துப்பட்டிலிருந்து அயப்பாக்கம் வரை

1956-ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் க்ஷயரோக சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது, நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்துப் போஷாக்கும் ஓய்வும் அளித்தாலன்றி அந்நோய் தீராது என்பதே வைத்திய உலகில் பரவலான அபிப்பிராயமாயிருந்தது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியரின் தலைமையில் அங்கே பணியாற்றியவர்கள் அவ்வபிப்பிராயத்தை வாதத்தால் எதிர்க்கவில்லை. நகரத்து ஏழைகளுள் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் இல்லத்திலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான இருப்பிடமும் குறைந்த ஆகாரமுமாய் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய மற்றவரைப் போலவே குணமடைந்தனர் என்ற செய்தி 1959-இல் வெளிவந்து, பல தேசங்களின் சிகிச்சைக் கொள்கையையே மாற்றியது.

இத்தகைய பரிசோதனையை வகுக்கும் வித்தையோ நெடுங்காலம் குருகுலக் கல்வியாகவே இருந்தது. நிபுணர் ஒருவரின் பக்கத்தில் அமர வாய்த்தவருக்கே அது சித்தித்தது. 1999-இல் தோன்றிச் சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், சுகாதார ஆராய்ச்சியின் அடிப்படைகளை 2016-இல் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாகக் காணொளி விரிவுரைகளாக்கி, ஆய்வுக் கேள்வியை அமைப்பதையும், மாதிரியின் அளவைக் கணிப்பதையும், நோயாளியின் சம்மதம் பெறும் தர்மத்தையும் எங்கோ ஒரு சிற்றூரிலிருக்கும் வைத்தியரும் இலவசமாகக் கேட்கும்படி செய்தது. 2019-இல் அந்நிறுவனம் உருவாக்கிய உயிர்மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் முதுநிலை மருத்துவ மாணவர்க்குக் கட்டாயமாயிற்று. பாடத்திற்குக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. நிர்ப்பந்தத்தின் பேரில் வந்தோருள் சான்றிதழொன்றே போதுமென்று இருப்பவர் பலர் என்பது என் ஊகம். மாதிரியளவுக் கணக்கைப் பற்றிய விரிவுரையை அவர்களில் எத்தனை பேர் முழுதும் கேட்டிருப்பார்களோ!