பின்தங்கின பிள்ளைக்கு டியூஷன் செலவு யாருடையது?



நம்ம குழுக்களில் உள்கடன் கேட்கும்போது காரணம் எழுதுகிறோம். மாடு வாங்க, தையல் மிஷின் வாங்க, வைத்தியச் செலவு என்று எழுதி வந்தோம். இப்போது டியூஷன் பீஸ் என்றும் எழுதுகிறோம். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. ஆனாலும் கணக்கு வராத பிள்ளைக்கும், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளைக்கும் சாயந்திரம் தனியாகக் காசு கட்டுகிறோம். அதைப் பள்ளிக்கூடமே ஏற்கக் கூடாதா என்று கேட்டால், "இதுக்குமா அவங்க கொடுப்பாங்க?" என்று நம்மிலேயே சிலர் சிரிக்கிறாங்க. நூறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கும் இப்படித்தான் கேள்வி வந்தது.

1920ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஏழைப் பிள்ளைகள் பசியால் பள்ளிக்கு வரவில்லை என்று பார்த்து, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. பிறகு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் கல்விக்கு ஒதுக்கிய பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்ய அன்றைய ஆங்கில அரசு சம்மதிக்கவில்லை. 1925ல் திட்டம் நின்று போனது. பாடம்தான் கல்வி, பசி வீட்டுப் பாடு என்பது அவர்கள் எண்ணம்.

1956ல் காமராஜர் மதிய உணவைக் கொண்டு வந்தார். ஊர் மக்களும் அரிசி, பருப்பு, காய்கறி கொடுத்து உதவினார்கள். 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கினார். 2022ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. புத்தகம், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் இப்படி ஒவ்வொன்றாக வந்தவைதான். வீட்டுப் பாடு என்று விட்டிருந்த செலவெல்லாம் பொதுச் செலவு ஆனது. இன்றைக்கு யாரும் "பள்ளிக்கூடம் ஏன் சோறு போடணும்?" என்று கேட்பதில்லை.

சரி, படிப்பில் பின்தங்கினவர்களுக்கு என்ன நடந்தது? 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. பள்ளிக்கே போகாத பெண்கள் ராத்திரி நேரத்தில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். சொல்லிக் கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம்ம மாதிரி மகளிர் குழுக்கள் 1989ல் தர்மபுரியில் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் படிப்பு வரும் என்று அப்போதே ஊரறியத் தெரிந்தது.

2010 ஏப்ரல் 1ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் ஆசிரியர் பார்த்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இது 24ஆம் பிரிவு. ஆசிரியர் காசு வாங்கிக்கொண்டு தனி டியூஷன் எடுக்கக் கூடாது. இது 28ஆம் பிரிவு. ரெண்டையும் சேர்த்துப் படித்தால் கூடுதல் பாடம் யார் பொறுப்பு என்பது புரிந்துவிடும்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் படித்ததையும் மறந்தார்கள். அதற்காக 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயந்திர நேரத்தில் வீட்டுப் பக்கத்திலேயே வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் 1000 ரூபாய் அரசு கொடுத்தது. வந்தவர்களில் பெரும்பாலும் பெண்கள்தான். பின்தங்கின பிள்ளைக்கு அரசுப் பணத்திலேயே தனி வகுப்பு நடத்த முடியும் என்று நாம் கண்ணால் பார்த்தோம்.

என் கருத்து இதுதான். டியூஷன் சென்டருக்குக் கட்ட பள்ளிக்கூடம் நம்ம கையில் காசு தர வேண்டாம். அப்படிக் கொடுத்தால் சென்டர்காரர் பீஸை ஏற்றுவார், வகுப்பில் கவனிப்பும் குறைந்து போகும். அதே பணத்தில் பள்ளியிலோ தெருவிலோ, தெரிந்த ஒருவரை வைத்து, பின்தங்கின பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடக்க வேண்டும். நடத்துகிற பெண்ணுக்கு நியாயமான ஊதியம் வேண்டும். 1000 ரூபாய் பத்தாது. தொண்டு என்று சொல்லியே பெண்களின் உழைப்பைக் குறைத்து எடை போடக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நம்ம குழுப் பெண்கள் பலர் அதில் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வராமல், "எந்தெந்தப் பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை? அவர்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று கேளுங்கள். கேட்டதையும் வந்த பதிலையும் தீர்மான நோட்டில் எழுத வையுங்கள். தீர்மானம் எழுதுவது நமக்குப் பழக்கமான வேலைதானே!