நசுங்கும் முகப்பு, பிழைக்கும் உயிர்

“அந்தக் காலத்துக் கார் இரும்புக் கோட்டை, இந்தக் காலத்துக் கார் தகர டப்பா” என்று பெரியவர்கள் சொல்ல நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். பழமையின்பால் நமக்குள்ள பற்று இயல்பானதே. எனினும், இக்கூற்று எந்த அளவுக்கு மெய்யானது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கெனக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்திவரும் ஆய்வுக் கழகம், 2009ஆம் ஆண்டில் தனது பொன்விழாவையொட்டி ஒரு சோதனை நடத்தியது. 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரும், 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபு காரும் எதிரெதிரே செலுத்தப்பட்டன. ஒவ்வொன்றின் வேகமும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஓட்டுநர் இருக்கைகளில் மனித உருவப் பொம்மைகள் அமர்த்தப்பட்டிருந்தன.

நீண்ட முகப்பும் இறக்கை போன்ற பின்புறமும் கொண்ட பெல் ஏர், பார்வைக்குக் கம்பீரமானது. ஆனால் மோதிய கணத்தில் அதன் பயணியர் அறை உருக்குலைந்தது. ஸ்டியரிங் ஓட்டுநரை நோக்கிப் பாய்ந்தது. இருக்கைப் பட்டையோ காற்றுப்பையோ அதில் இல்லை. உயிருள்ள மனிதர் ஒருவர் அங்கு அமர்ந்திருந்தால் பிழைத்திருக்க வழியில்லை. மாலிபுவின் முகப்பும் நசுங்கியது. ஆயினும் ஓட்டுநர் இருந்த அறை குலையாமல் நின்றது. அவர் காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பார் எனக் கணிக்கப்பட்டது.

காரணம் யாது? விரைந்து செல்லும் காரின் ஆற்றல், மோதும்போது எங்கேனும் செலவாகியே தீரவேண்டும். முகப்பு முறையாக நசுங்கி அதை ஏற்றுக்கொள்ளாவிடில், அந்த அடி உள்ளே இருப்பவர்மீது விழுகிறது. ஆகவே முன்னும் பின்னும் நசுங்கிக் கொடுக்க வேண்டும், நடுவிலுள்ள அறை உறுதியாய் நிற்க வேண்டும் என்ற கருத்தை மெர்சிடிஸ்-பென்ஸ் பொறியாளர் பேலா பரேனி 1950களின் தொடக்கத்திலேயே வகுத்தளித்தார். அவ்வமைப்புடன் கூடிய மெர்சிடிஸ் கார் 1959இல் வெளிவந்தது. அதே ஆண்டில் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனம், நீல்ஸ் போலின் வடிவமைத்த மும்முனை இருக்கைப் பட்டையைத் தன் கார்களில் பொருத்தியது. உயிர் காக்கும் அவ்வமைப்பைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த அது இசைவளித்தது போற்றத்தக்கது.

இங்கே ஓர் உண்மையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பெல் ஏர் காரும் அதே 1959ஆம் ஆண்டைச் சேர்ந்ததே! காக்கும் அறிவு அன்றே உலகில் இருந்தது. அமெரிக்கச் சந்தையிலோ தோற்றப் பொலிவே முதலிடம் பெற்றது. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் மக்களின் மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. 1966இல் அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. எனவே அரை நூற்றாண்டு இடைவெளி மட்டுமே இவ்விரு கார்களையும் வேறுபடுத்தவில்லை. வண்டியில் அமர்பவரின் உயிருக்கு அதைச் செய்பவர் தந்த மதிப்பே வேறுபடுத்தியது.

பழைய காரின் அழகை நாம் வியக்கலாம். அதை உருவாக்கிய கைத்திறனைப் பாராட்டலாம். ஆனால் பயணத்திற்கு ஏற்றது எது என்பதில் ஐயம் வேண்டா. அதேவேளையில், எத்துணைப் புதிய காராயினும் அணியாத பட்டை எவரையும் காப்பதில்லை. பின்னிருக்கையில் அமர்வோரும் இதை மறவாதிருத்தல் நலம். முகப்பு நசுங்கிய புதிய காரைக் கண்டு, “தகரம்தானே!” என்று நகைப்போர், உள்ளிருந்தவர் நலமாக இருக்கிறாரா என்று முதலில் வினவட்டும்.