ரம்பத்தின் பல்லும் அடிமையின் கையும்

மரம் அறுக்கும் ரம்பத்தின் பற்கள் ஒரே கோட்டில் நிற்பதில்லை. ஒன்று இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாறி மாறிச் சாய்ந்திருக்கும். அப்போதுதான் வெட்டு, தகட்டைவிடச் சற்று அகலமாக விழும், தூள் வெளியேறும், ரம்பம் மரத்துக்குள் இறுகிக்கொள்ளாது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய அறிஞர் பிளினி இதை எழுதிவிட்டார். எழுதியவர் பெயர் நிற்கிறது. பல்லைச் சாய்த்த தொழிலாளியின் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை.

பழைய தச்சுப் பட்டறைகளில் இதற்கென்று இருந்த கருவி எளியது: விளிம்பில் காடி வெட்டிய இரும்புத் துண்டு. காடிக்குள் பல்லின் நுனியைப் பிடித்து லேசாகத் திருப்ப வேண்டும். மேல்பாதி மட்டுமே வளையலாம். அடிவரை வளைத்தால் பல் முறியும். ஈர மரத்துக்குச் சாய்வு கூட வேண்டும், காய்ந்த மரத்துக்குக் குறைய வேண்டும். முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாகத் தீட்ட வேண்டும். கண்ணும் விரலும்தான் அளவுகோல். இதை வெறும் உடலுழைப்பு என்று ஒதுக்கி, ஏட்டில் இருப்பதை மட்டும் அறிவு என்று சொல்பவர்களை நாம் நன்றாகவே அறிவோம்.

ஜான் ஹெம்மிங்ஸ் 1776 இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தார். மனிதர் அனைவரும் சமம் என்ற பிரகடனத்தை தாமஸ் ஜெஃபர்சன் எழுதியதும் அதே ஆண்டில்தான். அந்த ஜெஃபர்சன்தான் ஹெம்மிங்ஸின் எஜமான். மரம் வெட்டும் வேலையில் தொடங்கிய ஹெம்மிங்ஸ், ஜேம்ஸ் டின்ஸ்மோர் என்ற ஐரிஷ் தச்சரிடம் தொழில் பழகி, மாண்டிசெல்லோ மாளிகையின் தலைமைத் தச்சரானார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஜெஃபர்சனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. 1826 இல் ஜெஃபர்சனுக்குச் சவப்பெட்டி செய்ததும் அவரே.

ஜெஃபர்சனின் உயில் ஹெம்மிங்ஸுக்கும் கொல்லர் ஜோ ஃபாசெட்டுக்கும் ஓராண்டு கழித்து விடுதலை தந்தது. அவரவர் பட்டறைக் கருவிகளையும் தந்தது. வாழ்நாளெல்லாம் பிடித்த கருவிகள் ஐம்பது வயதில்தான் ஹெம்மிங்ஸுக்குச் சொந்தமாயின. ஆனால் 1827 ஜனவரியில், இறந்தவரின் கடனை அடைக்க, அந்தப் பண்ணையின் அடிமைகள் ஏலத்துக்கு வந்தார்கள். ஃபாசெட்டின் மனைவி ஈடித்தும் குழந்தைகளும் அந்த ஏலத்தில் நிறுத்தப்பட்டார்கள். சுத்தியல் ஃபாசெட்டுக்கு, குடும்பம் விலை கேட்டவர்களுக்கு!

இது ஒரு எஜமானின் மனக்கோணல் மட்டுமல்ல, சட்டமே அப்படித்தான் இருந்தது. அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 1858 இல் அமெரிக்க அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துரைத்தார். உழைப்பைப் போலவே அறிவையும் பறித்தார்கள்.

இந்த வரலாறு நமக்கு அந்நியமல்ல. 1873 இல் மகாத்மா புலே தமது 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே அர்ப்பணித்தார். அடிமைத்தளையும் சாதித்தளையும் உறவு கொண்டவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயுத பூஜையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். அதைப் பிடித்த கையைத் தொடத் தயங்குகிறார்கள். கருவியைக் கும்பிட்டது போதும். அந்தக் கைகளுக்கு உரிய கூலியையும் நிலத்தையும் மரியாதையையும் கேட்போம். அவர்களுடைய பெயர்களை வரலாற்றில் எழுதுவோம்.