மெர்போக் கழிமுகமும் பினாங்குப் படகுத்துறையும்: பீடோங்கின் கடல்வழி வரலாறு

கெடா மாநிலத்தின் தென்பகுதியில், சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே குருணை நோக்கிச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையின் ஓரத்தில், ரப்பர்த் தோட்டங்களின் தேவைக்காகக் கடைத்தெருவாக வளர்ந்து பட்டணமான பீடோங்குக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் இவ்வூர்த் தமிழரின் வரலாற்றைத் தோட்டத்து லயங்களிலிருந்து, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, எழுதத் தொடங்கினால், அதன் முற்பாதி முழுவதும் விடுபட்டுப் போகும். ஏனெனில் அங்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு பெருங்கடலையும் அதன்பின் ஒரு சிறு நீரிணையையும் கடந்தே வந்தது. அக்குடும்பங்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, பீடோங்குக்கு மேற்கே சில மைல் தொலைவில், வங்கக் கடலைக் கடந்துவந்த மரக்கலங்கள் நங்கூரமிட்ட பழந்துறை ஒன்று இருந்தது என்பதும் இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துள்ளது.

பீடோங்கிலிருந்து மேற்கே பிரியும் சாலை செமிலிங், மெர்போக் ஆகிய ஊர்களின் வழியாக, ஜெராய் மலையின் தென்னடிவாரத்தை ஒட்டிச் சென்று, மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள தஞ்சோங் டாவாயில் முடிகிறது. இச்சாலையின் இருபுறமும் பரந்துள்ள நிலப்பகுதியையே தொல்லியலாளர் பூஜாங் பள்ளத்தாக்கு என்று வழங்குகின்றனர். 1936, 1937 ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் இங்கே அகழாய்வு நடத்திக் கோயில் அடித்தளங்கள் பலவற்றை வெளிக்கொணர்ந்தார். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்து என்னுமிடத்தில் மேற்கொண்ட அகழாய்வுகளில், படகுத்துறையின் செங்கல் மேடைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குள் காற்றைச் செலுத்தும் சுடுமண் துருத்திக்குழல்களும் பெருமளவில் கிடைத்தன. இவற்றுள் மிகப் பழையவற்றின் காலத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் கணிப்பை அறிஞர் எல்லாரும் ஏற்கவில்லை; எனினும் கிறித்துவுக்குப் பிந்தைய முதலாயிரம் ஆண்டுகளில் இங்கே இரும்பு உருக்கி ஏற்றுமதி செய்த துறைமுகம் ஒன்று செழித்திருந்தது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இன்று அவ்விடத்திலிருந்து கடல் எட்டியிருக்கிறது. அக்காலத்தில் கடல் உள்நோக்கி வளைந்து விரிகுடாவாக இருந்ததென்றும், ஆறுகள் கொணர்ந்த வண்டலும் அதன்மேல் வேர்பிடித்த அலையாத்திக் காடுகளும் அதைச் சிறுகச்சிறுகத் தூர்த்துவிட்டன என்றும் நிலவியலாளர் விளக்குகின்றனர்.

இத்துறை இங்கே அமைந்ததற்கு இரு காரணங்கள் உண்டு. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை கடற்கரைச் சமவெளியில் தனித்து எழுவதால், வங்கக் கடலைக் கடந்து வரும் மாலுமியின் கண்ணுக்கு நெடுந்தொலைவிலேயே தென்படும். மற்றொன்று, பருவக்காற்றின் ஒழுங்கு: தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்த கலங்கள், வடகிழக்குக் காற்று தொடங்கும்வரை திரும்ப இயலாது, எனவே அவை மாதக்கணக்கில் தங்குவதற்கு நன்னீரும் உணவும் அமைதியான நீர்ப்பரப்பும் உள்ள கழிமுகம் வேண்டியிருந்தது. ஏழாம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட பௌத்தத் துறவி யிஜிங், கெடாவில் காற்றுக்காகக் காத்திருந்து, பின்பு கப்பலேறி நிக்கோபார்த் தீவுகளைக் கடந்து வங்கத்தின் தாமிரலிப்தித் துறையை அடைந்தார். தீவுவிட்டுத் தீவு செல்லும் இக்கடல்வழியின் இடையிலுள்ள நிக்கோபாரை நக்கவாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் நடத்திய கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில், அதாவது மன்னனின் வெற்றிகளைத் தொகுத்துரைக்கும் கல்வெட்டு முகவுரையில், அதுவும் கடாரமும் இடம்பெறுகின்றன. கடாரம் கெடாவே என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிபு. அப்படையெடுப்பைப் பெருமிதத்தோடு நினைவுகூரும் தமிழ் நூல்கள், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கடாரத்தரையன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பியதையும், அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயப் பள்ளிக்கு உரிய இறையிலி நிலமாக, வழங்கியதையும் அதே அழுத்தத்தோடு சொல்வதில்லை. நாகப்பட்டினத்துக்கும் மெர்போக் கழிமுகத்துக்கும் இடையே நிலவிய உறவில் போர் ஒரு சிறு பகுதியே. வணிகமும் வழிபாடும் அதனினும் நீண்ட காலம் நிலைத்தன.

கழிமுகம் தூர்ந்து, வணிகம் மலாக்கா முதலிய பிற துறைகளுக்கு நகர்ந்தபின், மெர்போக் மெல்ல மறக்கப்பட்டது. 1786இல் பிரான்சிஸ் லைட், கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்த பினாங்குத் தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குக் கொண்டுவந்து வரியில்லாத் துறையாக்கியதும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகரின் கப்பல்கள் அங்கேயே சென்றன. கெடாவின் கடல்வாயில் இவ்வாறு கழிமுகத்திலிருந்து தீவுக்கு மாறியது.

தீவு துறைமுகமானபோது, அங்கிறங்கியவர் பெருநிலத்தை அடைய மீண்டும் ஒரு முறை நீரைக் கடக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள இந்நீரிணையில் சம்பான்களும் சிறு படகுகளும் ஓடிவந்த நிலையில், 1894இல் குவா பெங் கீ என்னும் சீன வணிகர் நீராவிப் படகுகளைக் கொண்டு ஒழுங்கான சேவையைத் தொடங்கினார். 1920களின் நடுவில் பினாங்குத் துறைமுக வாரியம் இப்பொறுப்பை மேற்கொண்டு, மோட்டார் வண்டிகளையும் ஏற்றிச்செல்லும் ஃபெரிகளை இயக்கத் தொடங்கியது. இரயில் பாதையோ பெருநிலத்திலுள்ள பிறை என்னும் ஊரோடு முடிந்தது. ஆகவே தண்டவாளமே இல்லாத தீவின் நகரான ஜார்ஜ் டவுனில் மணிக்கூண்டோடு கூடிய இரயில்வே கட்டடம் ஒன்று எழுந்தது. பயணிகள் அங்கே பயணச்சீட்டு வாங்கிப் படகில் கடந்து இரயிலேறினர்.

1909இல் கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து ஆங்கிலேயரின் பாதுகாப்புக்குள் வந்ததும், தென்கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் விரைந்து பெருகின. பீடோங் வட்டாரத்தின் ஹார்வர்டு, சுங்கை பத்து முதலிய தோட்டங்கள் இவ்வலையில் எழுந்தவை. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டதால், தோட்ட முதலாளிகளின் தீர்வையைக் கொண்டு 1907இல் உருவாக்கப்பட்ட குடியேற்ற நிதியின் செலவிலும், சொந்த ஊருக்குச் சென்று ஆள் திரட்டிவரும் கங்காணியின் பொறுப்பிலும் தொழிலாளர் வந்தனர். அவர்கள் ஆவடி, நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலிருந்த முகாம்களில் தங்கிப் பதிவு செய்யப்பட்டு, பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் கும்பினியின் கப்பல்களில், அறையேதும் இல்லாத தளப் பயணிகளாக ஏறினர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜுலா என்னும் கப்பல், தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்றிருந்தது என்றால், ஒருவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பினாங்கை நெருங்கியதும், அம்மை, வாந்திபேதி ஆகியவற்றுக்கு அஞ்சி, தீவின் கிழக்குக் கரைக்கு எதிரேயுள்ள ஜெரெஜாக் தீவில் அவர்கள் தொற்றுத்தடை முகாமில் தங்கவைக்கப்பட்டனர். ஒரு தீவில் காவலில் இருந்து, மற்றொரு தீவின் துறையைக் கண்டு, நீரிணையைக் கடந்து, பிறகு நிலவழியாக மூடா ஆற்றையும் தாண்டிய பின்னரே, பீடோங்கின் பால்மரக் காடுகள் அவர்களுக்குத் தென்பட்டன. இத்தனை கட்டங்களிலும் பெயர்கள் எழுதப்பட்டன. ஆனால் அப்பதிவேடுகளில் அம்மக்கள் கொண்டுவந்த அச்சமும் எதிர்பார்ப்பும் பதிவாகவில்லை. தோட்டத்து மூத்தோரின் வாய்மொழியே அதற்கு எஞ்சியுள்ள சான்று, அதைத் திரட்டுவதில் இனியும் காலம் தாழ்த்தலாகாது.

1930களின் பொருளாதார நெருக்கடியில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, அதே பினாங்குத் துறை வழியாகவே ஆயிரக்கணக்கானோர் திருப்பியனுப்பப்பட்டனர். கூலிக்குறைப்பைக் கண்டித்து, உதவிபெற்றுச் செல்லும் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு 1938இல் தடைசெய்ததும், நாகப்பட்டினக் கப்பல்களில் வந்தோர் பெரும்பாலும் உறவினரைக் காணச் சென்று திரும்புவோரும் வணிகருமாயினர். ஃபெரியோ தோட்டத்து வாழ்வின் பகுதியாகவே நிலைத்தது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு, காவடிக்கு முந்தைய அக்கடல் கடப்பே விழாவின் தொடக்கமாக இருந்தது.

1985 இவ்வரலாற்றில் ஒரு திருப்பமான ஆண்டாகும். பிப்ரவரியில், சென்னைக்கும் மலேசியாவுக்கும் இடையே ரஜுலாவுக்குப் பின் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பற்றிப் பலர் உயிரிழக்க, அப்பயணிகள் சேவையே முடிவுக்கு வந்தது; செப்டம்பரில், 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. வங்கக் கடலையும் நீரிணையையும் கப்பலிலும் படகிலும் கடந்தாக வேண்டிய கட்டாயம் ஏழே மாத இடைவெளியில் நீங்கிற்று. தீவுகளின் பெயரைத் தாங்கிய பெரிய இரட்டைத்தள ஃபெரிகள் அதன்பிறகும் பல்லாண்டு ஓடின. 2021இன் தொடக்கத்தில் அவை ஓய்வுபெற, 2023இல் நடந்துசெல்வோருக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் மட்டுமான புதிய படகுகள் வந்தன.

மெர்போக் கழிமுகத்தில் இத்தகைய மாற்றம் நிகழவில்லை. நெத்திலிக்கும் கருவாட்டுக்கும் பெயர்பெற்ற மீனவர் ஊரான தஞ்சோங் டாவாயிலிருந்து எதிர்க்கரையிலுள்ள பந்தாய் மெர்டேக்காவுக்கு இன்றும் சிறு படகுகளில் மக்கள் கடக்கின்றனர். காரில் செல்பவர் உள்நாட்டு வழியாக நெடுந்தொலைவு சுற்ற வேண்டும். தஞ்சோங் டாவாய்க்குச் செல்லும் சாலையோரத் தோட்டங்களில் ரப்பர் குறைந்து செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் பெருகிவிட்டன. 2013இல், பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண்ணிட்ட கோயில் அடித்தளம் நிலச் சீரமைப்புப் பணியில் இடிக்கப்பட்டது பெருங்கண்டனத்துக்கு உள்ளானது. பழந்துறையின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சும் அதன்பின் வலுப்பெற்றது. அதே வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் லயங்கள் இடிக்கப்பட்டபோது அத்தகைய கண்டனம் எழவில்லை.