தொழிற்சங்கமும் வேலையிழப்பு உதவி நிதியும்

ஒரு நாட்டில் தொழிலாளருட் பெரும்பாலோர் சங்கத்திற் சேர்ந்திருக்க, பிறிதொரு நாட்டிற் சிலரே சேர்ந்திருப்பது ஏன்? மக்களின் இயல்பே காரணம் என்பாரும், வறுமையே காரணம் என்பாரும் உளர். இக்கூற்றுகள் பொருந்துமா என்பதைச் சுவீடன், நார்வே ஆகிய நாடுகளின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இவை அண்டை நாடுகள். மொழியால் நெருங்கிய உறவுடையன. 1905 வரை ஒரே மன்னரின்கீழ் இருந்தன. தொழிற்சங்கங்களின் நாடளாவிய கூட்டமைப்பு சுவீடனில் 1898-இலும் நார்வேயில் 1899-இலும் தோன்றிற்று. ஆயினும் இன்று சுவீடனில் நூற்றுக்கு 70 பேர் அளவிலும், நார்வேயில் 50 பேர் அளவிலும் சங்க உறுப்பினராக உள்ளனர். இயல்பு பெரிதும் ஒத்திருக்க எண் வேறுபடுதலின், காரணம் பிறிதொன்றாதல் வேண்டும்.

அதன் வேர் பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரில் உள்ளது. நெசவாலைகள் மிக்க அந்நகரிற் சங்கங்கள், வேலையிழந்த தம் உறுப்பினர்க்குத் தம் நிதியினின்று உதவித்தொகை அளித்துவந்தன. 1901-இல் நகராட்சி அத்தொகையோடு தன் பங்கையும் சேர்த்து அளிக்கத் தொடங்கிற்று. இதனாற் பொதுப்பணம் சங்கத்தின் கைவழியாகவே தொழிலாளியைச் சென்றடைந்தது. இதுவே பின்னர்க் கெண்ட் முறை எனப் பெயர்பெற்றது. தென்மார்க்கு 1907-இலும் பின்லாந்து 1917-இலும் இம்முறையைத் தழுவிச் சட்டம் இயற்றின.

நார்வே 1906-இலேயே இதனை ஏற்றதெனினும், 1938-இற் கைவிட்டு, அரசே நடத்தும் கட்டாயக் காப்புறுதியை மேற்கொண்டது. சுவீடனோ 1934-இல், அமைச்சர் குஸ்தாவ் மொல்லரின் முயற்சியால், கெண்ட் முறையைச் சட்டமாக்கிற்று. நிதியிற் சேர்வோர் சங்கத்திலும் சேரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் நிதியை நடத்துவது சங்கமாதலின், இரண்டிலும் ஒருங்கே சேர்தல் வழக்கமாயிற்று. ஒரே காலப்பகுதியில் இரு நாடுகளும் இரு வழிகளிற் பிரிந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

காலத்தால் நேரும் மாற்றத்திற்கும் சுவீடனே சான்றாகும். 2007-இல் அந்நாட்டு அரசு வேலையிழப்பு நிதிகளின் கட்டணத்தை மிகுதியாக உயர்த்தியது. சங்கக் கட்டணத்திற்கு இருந்த வரிச்சலுகையையும் நீக்கியது. 2006-இல் நூற்றுக்கு 77-ஆக இருந்த உறுப்பினர் விகிதம், 2008-இல் 71-ஆகக் குறைந்தது. ஈராண்டிற்குள் ஒரு மக்களின் இயல்பு மாறிவிடாது, மாறியது கட்டணமே. 2014-இற் கட்டண உயர்வு நீங்கிய பின்னரும் பழைய அளவு மீளவில்லை. ஒருமுறை அறுந்த வழக்கம் எளிதில் மீண்டும் பிணைவதில்லை போலும்.

கெண்ட் முறை ஒன்றே காரணம் எனின், அதுவும் பொருந்தாது. ஐஸ்லாந்தில் வேலையிழப்புக் காப்புறுதி பொதுநிதியாகவே இருந்தும், தொழிலாளருள் மிகப்பெரும்பாலோர் சங்க உறுப்பினரே. நார்வேயின் விகிதமும், நூற்றுக்கு 10 என்னும் அளவில் நிற்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விகிதத்தினும் பன்மடங்கு மிகுந்தது. தொழிலகத்தினுள்ளே சங்கத்திற்கு உள்ள இடமும், முதலாளிமார் அதனோடு கூட்டு ஒப்பந்தம் செய்யும் மரபும் இவ்வேறுபாட்டிற்குத் துணைக்காரணங்கள் ஆகும்.

ஆதலின், உறுப்பினர் எண்ணை மட்டும் கொண்டு ஒரு நாட்டுத் தொழிலாளரின் உணர்வை அளத்தல் தவறு என்பது போதரும். வேலையிழந்தவன் வீட்டில் அடுப்பெரியச் செய்யும் கை எவருடையது என்பதே அவ்வெண்ணைப் பெரிதும் உறுதிசெய்கின்றது. அக்கைக்குச் சட்டம் அளித்த வலிமையைச் சட்டமே குறைத்தலும் கூடும் என்பதைச் சுவீடனின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.