தெரிந்தவர் வாய்வழி

1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பல ஊர்களில் டாக்டர்களின் மனைவிமார் அக்கம்பக்கத்துப் பெண்களைக் காபிக்கு அழைத்தார்கள். காபி பரிமாறும்போதே ஓர் இசைத்தட்டும் ஓடியது. அதில் பேசியவர் அந்நாளைய நடிகர் ரொனால்டு ரீகன். 65 வயதைக் கடந்தவர்களின் ஆஸ்பத்திரிச் செலவைச் சமூகப் பாதுகாப்பு வரிப் பணத்திலிருந்து அரசே ஏற்க வேண்டும் என்ற கிங்-ஆண்டர்சன் மசோதா அப்போது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் இருந்தது. இதற்கு இடம் கொடுத்தால் மற்றச் சுதந்திரங்களும் ஒவ்வொன்றாகப் பறிபோகும் என்று ரீகன் எச்சரித்தார். தட்டு நின்றதும், வந்திருந்த பெண்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்குச் சொந்தக் கையெழுத்தில் கடிதம் எழுதினார்கள். 'ஆபரேஷன் காபி கப்' என்ற இந்த இயக்கத்தை நடத்தியது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மகளிர் துணை அமைப்பு. மருத்துவச் சீர்திருத்தம் பற்றி நண்பர்களும் அண்டை வீட்டாரும் மோதிக்கொள்ளும்போது, அந்தச் சண்டை அவர்களுக்குள்ளேயே முளைத்தது என்று எண்ணத் தோன்றும். அமெரிக்க வரலாற்றைப் பார்த்தால் அதன் சரக்கு பலமுறை வெளியே தயாரானது. தெரிந்தவர் மீதுள்ள நம்பிக்கைதான் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

இந்த முறைக்கு முன்னோடி 1940-களில் இருக்கிறது. 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் நாட்டு மக்கள் எல்லோருக்குமான மருத்துவக் காப்பீட்டைக் காங்கிரஸிடம் கேட்டார். 1948 தேர்தலில் அவர் வென்றதும் மருத்துவச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் தலைக்கு 25 டாலர் திரட்டியது. கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்ற கலிபோர்னியப் பிரசாரத் தம்பதியரை வேலைக்கு அமர்த்தியது. நோயுற்ற குழந்தையின் அருகில் டாக்டர் கவலையோடு உட்கார்ந்திருக்கும் லூக் ஃபைல்ட்ஸின் புகழ்பெற்ற ஓவியத்தைச் சுவரொட்டியாக்கி, இந்தக் காட்சிக்குள் அரசியல் நுழைய வேண்டாம் என்ற பொருளில் வாசகம் சேர்த்தார்கள். அது டாக்டர்களின் காத்திருப்பு அறைகளில் தொங்கியது. அவர்கள் எங்கே குறிவைத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வாஷிங்டனில் யாரோ சொன்னால் சந்தேகப்படுகிறவர், தன் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்த்த டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார். ட்ரூமனின் திட்டம் சட்டமாகவே இல்லை. பொதுவுடைமை அச்சம் பரவியிருந்த காலம், தென்மாநில ஜனநாயகக் கட்சியினரின் எதிர்ப்பு ஆகியவையும் அதற்குக் காரணம். பிரசாரம் ஒன்றே அதை வீழ்த்தியது என்று சொல்வது மிகை.

தெரிந்தவர் குரலுக்குள்ள பலத்தைச் சீர்திருத்தக்காரர்கள் புரிந்துகொள்ளத் தாமதித்தார்கள். 1962 மே மாதம் அதிபர் கென்னடி நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் திரண்டிருந்த முதியோர் கூட்டத்தில் கிங்-ஆண்டர்சன் திட்டத்தை ஆதரித்துப் பேசினார். அரங்கத்துக்கு ஏற்ற முழக்கம். வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் பார்த்தவர்களை அது அந்த அளவுக்குத் தொடவில்லை. கூட்டம் கலைந்தபின் அதே அரங்கில், காலி இருக்கைகளுக்கு முன் நின்று, மருத்துவச் சங்கத்தின் சார்பில் டாக்டர் எட்வர்ட் ஆனிஸ் பதிலளித்தார். அவர் பேசியது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த குடும்பத்தோடு. ஜூலையில் செனட் 52-க்கு 48 என்ற வாக்கில் அந்தத் திட்டத்தை ஒதுக்கியது.

ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1965 ஜூலை 30 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டாரே, பிறகு காபிப் பேச்சுக்கு என்ன பலம் இருந்தது என்று கேட்கலாம். 1964 தேர்தலில் அவர் தரப்பு பெற்ற பெருவெற்றிதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது, மறுப்பதற்கில்லை. ஆனாலும் சட்டத்தைப் புரட்டினால் அதன் முதல் பிரிவே, மருத்துவத் தொழிலைக் கட்டுப்படுத்த எந்த மத்திய அதிகாரிக்கும் உரிமை இல்லை என்கிறது. டாக்டர்களின் கட்டணத்துக்கும் அவர்கள் வழக்கமாக வாங்குவதே அளவுகோலாயிற்று. பின்னாளில் செலவு ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். தோற்ற தரப்பின் அச்சம் வென்ற சட்டத்துக்குள் அப்படியே குடியேறியிருக்கிறது.

காபிக்கு வந்த பெண்களைப் பொம்மைகளாக நினைப்பதும் அநியாயம். அரசின் கை நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே வந்துவிடுமோ என்பது உண்மையான கவலை, விவாதிக்கத் தகுந்தது. தொழிற்சங்கங்களும் முதியோர் அமைப்புகளும் எதிர்ப்பக்கம் ஆள் திரட்டத்தான் செய்தன. ஆனால் யார் பேசுகிறார்கள் என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிந்தது. காபி வீட்டில் ஒரு சங்கத்தின் திட்டம் அண்டை வீட்டுக்காரியின் சொந்த அபிப்பிராயமாக வந்து உட்கார்ந்தது. வந்தவரால் அந்தச் சங்கத்தோடு வாதாட முடியவில்லை. வாதாடினால் தோழியோடுதான் முறைத்துக்கொள்ள வேண்டும். நாகரிகத்துக்காகவே பலர் வாய்மூடியிருக்கக்கூடும். குற்றம் அந்த மறைப்பில்தான் இருக்கிறது.

2009-இல் ஒபாமாவின் சீர்திருத்தத்தின்போது இதே வழி இன்னும் விரைவானது. வாழ்வின் இறுதிக்கட்டச் சிகிச்சை பற்றி நோயாளி விரும்பினால் டாக்டரோடு ஆலோசிக்கலாம், அந்த நேரத்துக்கு மெடிகேர் கட்டணம் தரும் என்று ஒரு மசோதாப் பிரிவு சொன்னது. ஆகஸ்டில் குடியரசுக் கட்சி அரசியல்வாதி சாரா பேலின் ஃபேஸ்புக்கில், யார் வாழலாம் என்று அதிகாரிகள் முடிவு செய்யும் 'மரணக் குழு' என்று எழுதினார். அப்படி ஒரு குழு மசோதாவில் இல்லை. ஆனால் அந்தச் சொல் சொந்தக்காரர், சக ஊழியர் வழியாகப் பரவியது. 2010 மார்ச்சில் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பிரிவு அதில் இல்லை. தீராத நோயில் கிடப்பவர் தனக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று டாக்டரிடம் நிதானமாகப் பேசும் நேரத்துக்கு மெடிகேர் தனிக்கட்டணம் தரத் தொடங்கியது 2016 ஜனவரியில்தான்.